ஆல் உருபும் ஒரு நிழலும்

இலக்கிய வாசகர்கள் அதிகம் புரட்டிப் பார்த்திராத நூல்வகை ஒன்று உண்டு. அரக்கர் அகராதி என்று அதைச் சொல்லலாம். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்துக்காக எழுதப்பட்ட 'மான்ஸ்டர் மேனுவல்' இவ்வகையில் தலையாயது. முதல் நூல் 1977இல் வந்தது. அதன்பின் பதிப்புதோறும் புதுக்கி எழுதப்பட்டு வருகிறது. ஒவ்வோர் அரக்கனுக்கும் மேலே படமும் பிறப்புக் கதையும். அருகே கட்டம் கட்டி, அவன் வலிமை இத்தனை, உயிர்ப்புள்ளி இத்தனை, கடித்தால் இத்தனை சேதம் என்று கணக்கு. பாதி புராணம், பாதி சட்டம். இவ்விரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும் இடங்களில்தான் இந்நூல் உண்மையில் வாசிக்கப்படுகிறது என்பது எங்கள் எண்ணம்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974இல் வெளியானது இது. பலகை தேவையில்லை, காய்களும் கட்டாயமில்லை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று 'கதவைத் திறக்கிறேன்', 'அம்பு எய்கிறேன்' என்பார்கள். செய்கை பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். நான்கு முகம் முதல் இருபது முகம் வரை பகடைகள் உண்டு. கதை சொல்பவருக்கு 'டன்ஜன் மாஸ்டர்' என்று பெயர். தமிழில் 'நடத்துநர்' என்று அழைத்துப் பார்த்தோம். பயணச்சீட்டு கேட்பது போலிருந்தது. ஆகவே தேநீர்க் கடையிலும் பரோட்டாக் கடையிலும் வழங்குகிற அதே மரியாதையோடு 'மாஸ்டர்' என்றே வைத்துக்கொண்டோம். விதியில் ஐயம் எழுந்தால் தீர்ப்பு அவருடையது.

நாங்கள் ஐவர். நாவல் வாசிப்பதற்காகக் கூடத் தொடங்கிய கூட்டம், எப்படியோ பகடைக்கு வந்து சேர்ந்தது. வெளிநாட்டில் பணியாற்றிய ஆண்டுகளில் ஆட்டத்தைக் கற்று வந்த மென்பொருள் நண்பர்தான் மாஸ்டர். ஒருவர் வழக்கறிஞர். ஒருவர் பள்ளியில் தமிழ் கற்பிப்பவர். எல்லாரும் அவரை டீச்சர் என்போம். மீதமிருப்பவர்கள் இக்கட்டுரையைச் சேர்ந்து எழுதும் நாங்கள் இருவர். விதிநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது, வழக்காடுவது தமிழில். இந்த ஏற்பாட்டின் விளைவு என்ன என்பதைப் பின்னர் சொல்கிறோம்.

முதலில் ஓர் எளிய எடுத்துக்காட்டு. இரும்பைத் துருவாக்கித் தின்னும் பிராணி ஒன்று இந்நூலில் வருகிறது. துருப்பூச்சி என்று பெயரிட்டிருக்கிறோம். இதன் பிறப்பே வேடிக்கையானது. கைகாக்ஸ் மலிவாக வாங்கிய பிளாஸ்டிக் பொம்மைப் பொட்டலம் ஒன்றில், ஹாங்காங்கில் செய்யப்பட்ட, இன்னதென்று சொல்ல முடியாத உருவங்கள் சில இருந்தன. அவற்றுள் ஒன்றை மேசைமேல் வைத்து அதற்கொரு குணத்தையும் அவர் கற்பித்தார். பொம்மை முந்தியது, புராணம் பிந்தியது. நிற்க. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் துருப்பூச்சிக்கு இரண்டு ஆற்றல்கள். அதன்மீது பட்ட உலோக ஆயுதம் அரித்துப்போகும் என்பது ஒன்று. தன் உணர்கொம்பால் தொட்டு இரும்பு சார்ந்த உலோகப் பொருளை அது அரிக்கும் என்பது மற்றொன்று. முதல் விதியில் வெறும் 'உலோகம்'. இரண்டாம் விதியில் 'இரும்பு சார்ந்த உலோகம்'. அப்படியானால் வெள்ளிக் கத்தியின் கதி என்ன? நாம் குத்தினால் கத்தி கெடும். அதுவாக வந்து தொட்டால் கெடாது. எழுதியவர் வேண்டுமென்றே வைத்த வேறுபாடா, கைதவறி விழுந்த சொல்லா? ஒரு மாலை முழுவதும் இதில் போயிற்று. வெள்ளிக் கத்தி வைத்திருந்தவர் வழக்கறிஞர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ரத்தக் காட்டேரியின் பக்கம் இன்னும் வளமானது. குடியிருப்பு ஒன்றுக்குள், அங்கு இருப்பவர்களில் ஒருவர் அழைக்காமல், காட்டேரி நுழைய முடியாது என்று விதி. மேல்நாட்டுக் கதைமரபில் எல்லாரும் அறிந்த செய்திதான். ஆனால் கதையில் வரும்போது எவரும் கேட்காத கேள்விகள், விதியாக மாறியதும் வரிசையில் வந்து நிற்கின்றன. சத்திரம் குடியிருப்பா? சத்திரக்காரர் மாடியில் குடியிருந்தால்? அறை எடுத்துத் தங்கியிருக்கும் வழிப்போக்கர், அந்த வீட்டில் 'இருப்பவர்' ஆவாரா? அவர் அழைத்தால் அவருடைய அறைக்கு மட்டும் அழைப்பா, மொத்தச் சத்திரத்துக்குமா? காட்டில் அடித்த கூடாரம்? காட்டேரிக்குப் பிறரை மயக்கித் தன்னை உற்ற நண்பனாக எண்ண வைக்கும் ஆற்றலும் உண்டு. மயங்கியவன் விடுத்த அழைப்பு செல்லுமா? வாடகை ஒப்பந்தங்களில் பழகிய எங்கள் வழக்கறிஞர் அன்று மிகுந்த மகிழ்ச்சியில் இருந்தார். கூடாரம் குடியிருப்பே என்று அவர் நிறுவியதால்தான் நாங்கள் நால்வரும் அன்றிரவு பிழைத்தோம்.

இத்தகைய ஐயங்கள் எல்லாப் பதிப்புகளிலும் ஒரே அளவில் இருந்ததில்லை. 1974ஆம் ஆண்டின் சிறு நூல்கள், விளங்காத இடத்தை உங்கள் விருப்பப்படி முடிவு செய்துகொள்ளுங்கள் என்று வாசகரிடமே விட்டுவிட்டவை. ஆட்டக்காரர்கள் விடவில்லை. கேள்விகள் குவிந்தன. 'டிராகன்' என்ற இதழில் 1979 முதல் ஐயந்தீர்க்கும் பகுதி ஒன்று வெளிவரத் தொடங்கியது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, ஐயத்துக்கே இடமில்லாமல் செய்துவிடுவது என்று முடிவுகட்டியது போல் எழுதப்பட்டது. அரக்கனின் சிறப்பாற்றல்கள் அசாதாரணம், இயல்கடந்தது, மந்திரம் போன்றது என்று மூவகையாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றன் அருகிலும் முத்திரை குத்தப்பட்டது. 2008இல் வந்த நான்காம் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போய், ஆற்றல்களையெல்லாம் கலைச்சொற்களால் கட்டிய சூத்திரங்கள் ஆக்கிற்று. அது பலருக்குக் கசந்தது. 2014இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது முத்திரைகள் நீங்கின. மக்கள் பேசும் மொழியிலேயே விதிகளை எழுதுவது என்ற கொள்கை வந்தது. மக்கள் பேசும் மொழி வந்ததும் மக்களின் சண்டைகளும் கூடவே வந்துவிட்டன.

டிராகன் கக்கும் நெருப்பு மந்திரமா, இல்லையா? இது வீண்கேள்வி அன்று. பதினொரு கண்கள் கொண்ட பிராணி ஒன்று உண்டு (இந்திரனின் கணக்கோடு ஒப்பிட்டால் குறைவுதான்). நடுக்கண் பார்க்கும் கூம்பு வடிவப் பரப்பில் மந்திரம் எதுவும் செல்லாது; தன் மற்றைய பத்துக் கண்களின் கதிர்களையும் அது அவித்துவிடும். அந்தப் பார்வைக்குள் டிராகன் வந்தால் நெருப்புக் கக்க முடியுமா? மூன்றாம் பதிப்பில் முத்திரையைப் பார்த்தால் போதும்: இயல்கடந்தது, ஆகவே முடியாது. ஐந்தாம் பதிப்பில் முத்திரை இல்லை. கேள்வி நூலாசிரியர்களிடம் போயிற்று. மந்திரம் இருவகைப்படும் என்று விடை வந்தது. உலகின் இயற்கையிலேயே கலந்து ஓடுவது ஒன்று. திரட்டி எய்யப்படுவது மற்றொன்று. டிராகன் பறப்பதும் கக்குவதும் முதல் வகை. நடுக்கண் தடுப்பது இரண்டாம் வகையை மட்டும். விதியைப் பற்றிக் கேட்டால் தத்துவம் விடையாக வருகிறது. உரையாசிரியர்களைப் படித்துப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. சூத்திரம் சுருங்கியிருந்தால் உரை விரியத்தான் செய்யும்.

இப்படி நாங்கள் பல மாலைகளை இனிதே கழித்துவந்தோம். யாருக்கும் எதுவும் நேராத வழக்குகள் அவை. நிழலின் வழக்கு அப்படிப்பட்டதன்று.

அரக்கர் அகராதியில் 'நிழல்' என்பது அற்பமான பிராணி. உயிர்ப்புள்ளிகள் குறைவு, தொடக்கநிலை ஆட்டக்காரர்களே வென்றுவிடலாம். உருவம் இல்லை, மனித நிழல் நீண்டு கோரமானது போல் இருக்கும், கதவிடுக்கில் நுழைந்துவிடும். அதன் தாக்குதல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. உயிர்ப்புள்ளிகளைக் குறைக்கிறது, கூடவே, நான்குமுகப் பகடையில் விழும் எண்ணிக்கை அளவுக்குப் பாத்திரத்தின் வலிமையையும் உறிஞ்சுகிறது. வலிமை சுழியானால் அங்கேயே சாவு. இல்லையேல் ஓய்வெடுக்கும்வரை வலிமை குன்றியே இருக்கும். இதற்கடுத்த வாக்கியம்தான் எங்கள் வழக்கு. தீயவர் அல்லாத மனித இனத்தவர் ஒருவர் இந்தத் தாக்குதலால் இறந்தால், ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் அவர் பிணத்திலிருந்து புதிய நிழல் ஒன்று எழும்.

டீச்சருடைய பாத்திரம் ஒரு பெண் பூசாரி. மூன்று ஆண்டுகளாக ஆடிவந்தவர். காயம்பட்டவர்களைத் தொட்டுக் குணப்படுத்துவது அவள் தொழில். எங்களில் அவளால் ஒருமுறையேனும் பிழைக்காதவர் இல்லை. பாழடைந்த கோட்டை ஒன்றின் நிலவறையில் மூன்று நிழல்கள் எங்களை மறித்தன. இடிந்த படிக்கட்டின் மறுபுறம் நாங்கள் இருவரும் அகப்பட்டுக்கொண்டோம். வழக்கறிஞரின் வீரன் இரண்டு நிழல்களோடு மல்லாடிக்கொண்டிருந்தான். மூன்றாவது நிழல் பூசாரியை இருமுறை தீண்டியது. அவள் வலிமை பத்திலிருந்து நான்குக்கு இறங்கிற்று. உயிர்ப்புள்ளிகள் முழுவதும் தீர்ந்தன. விழுந்தாள்.

உயிர்ப்புள்ளி தீர்ந்தாலே சாவு என்பதில்லை. விழுந்தவர் தம் முறை வரும்போதெல்லாம் இருபதுமுகப் பகடையை உருட்ட வேண்டும். பத்தும் அதற்கு மேலும் வந்தால் ஒரு தேறல், கீழே வந்தால் ஒரு தோல்வி. மூன்று தேறல் முந்தினால் பிழைப்பு, மூன்று தோல்வி முந்தினால் சாவு. இதைச் சாவுப் பகடை என்போம். வேறெந்த நேரத்திலும் மேசையில் அத்தனை அமைதி இருக்காது. டீச்சர் உருட்டினார். எட்டு. அந்த நிழல் அவளை விட்டு வீரனை நோக்கித் திரும்பியது. பிறகு அவளை யாரும் தொடவில்லை. பதினொன்று. ஐந்து. நாங்கள் படிக்கட்டைத் தாண்டிவிட்டோம். இன்னும் ஒரு சுற்று கிடைத்திருந்தால் எட்டியிருப்போம். மூன்று.

நிழல்களை விரட்டிவிட்டுப் பிணத்தின் அருகே உட்கார்ந்தபோது, வழக்கறிஞர்தான் நூலைத் திறந்தார். பூசாரி செத்தது செத்ததுதான்; அதில் வழக்கில்லை. ஆறு நாள் நடை தொலைவில் ஒரு கோயில் உண்டு. ஐந்நூறு பொன் பெறுமானமுள்ள வைரத்தைச் செலுத்தினால் இறந்து பத்து நாள் கடக்காதவரை உயிர்ப்பித்துத் தருவார்கள். ஆனால் உயிர்நீத்தும் நடமாடுகிற பேய்ப்பிறவிகளிடம் அந்த மந்திரம் செல்லாது. நிழல் எழுந்துவிட்டால் அவளை மீட்க முடியாமலே போகலாம். எனவே நிழல் எழக் கூடாது. எழாது என்று நூலைக்கொண்டே காட்ட வேண்டும்.

வழக்கறிஞரின் வாதம் நேர்த்தியானது. விதியின் வாக்கியங்களை வரிசையாகப் படியுங்கள் என்றார். வலிமை சுழியானால் இறப்பு என்று ஒரு வாக்கியம் சொல்கிறது. அதை அடுத்து, இந்தத் தாக்குதலால் இறந்தால் நிழல் எழும் என்று வருகிறது. பின்னது முன்னதைச் சுட்டுகிறது. பூசாரியின் வலிமை நான்கு, சுழியன்று. அவள் இறந்தது சாவுப் பகடையில் தோற்றதால். அது வேறு நூலில், வேறு அத்தியாயத்தில் இருக்கும் வேறு விதி. தாக்குதல் அவளை வீழ்த்தியது, கொன்றது பகடை. எங்கோ ஒரு கோடு கிழிக்காவிட்டால் உலகில் நடக்கும் எல்லாச் சாவுக்கும் எல்லாமே காரணம் என்றாகிவிடும் என்றார். தாக்கப்பட்டவர் ஓர் ஆண்டும் ஒரு நாளும் கடந்து இறந்தால் அது கொலையாகாது என்று இங்கிலாந்தில் ஒரு சட்டவிதி 1996 வரை இருந்ததையும் சொன்னார்.

நாங்கள் அவர் பக்கம். மேற்பாதியிலிருந்த புராணத்தையும் துணைக்கு அழைத்தோம். நிழல் ஒருவரின் வலிமையை உறிஞ்ச உறிஞ்ச, அவருடைய நிழல் கருத்து, தானாக அசையத் தொடங்கி, அவர் சாகும்போது அறுத்துக்கொண்டு வெளியேறுகிறது என்று அங்கே கதை சொல்லப்பட்டிருக்கிறது. உறிஞ்சுதல் முற்றுப்பெற்ற சாவைத்தான் இது விவரிக்கிறது. பாதியில் நின்ற உறிஞ்சலை அன்று. சட்டமும் புராணமும் ஒத்துப்போகும் அரிய இடம் என்றோம். மாஸ்டர் தலையசைத்துக்கொண்டிருந்தார். வழக்கு முடிந்துவிட்டது போலிருந்தது.

அப்போது டீச்சர், "நிழல் எழும்" என்றார்.

தன் பாத்திரத்துக்கு எதிராகத் தானே வாதாடுபவரை நாங்கள் அதுவரை கண்டதில்லை. அவர் இலக்கணத்திலிருந்து தொடங்கினார். "நீங்க 'தாக்குதலால்'னு சொல்லிச் சொல்லித்தான் இப்படித் தோணுது, வக்கீல் சார். 'ஆல்' மூன்றாம் வேற்றுமை. கருவி மாதிரி கேட்குது. கத்தியால் வெட்டினான்னா வெட்டுற நேரத்துல கத்தி கையில இருக்கணும். அதனாலதான் சாகுற நேரத்துல நிழல் பக்கத்துல இல்லியேன்னு உங்களுக்குப் படுது. நூல்ல இருக்கற சொல் 'ஃப்ரம்'. அது நம்ம ஐந்தாம் வேற்றுமை. நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. இங்க ஏது. ஏது பக்கத்துல நிக்கணும்னு அவசியமே இல்ல. எப்பவோ நடந்து முடிஞ்சிருக்கலாம்."

நாங்கள் மலைத்துப்போனோம். ஆங்கில விதியொன்றை நன்னூலைக் கொண்டு அறுத்துக் காட்டியதைச் சொல்லவில்லை. அந்த வேறுபாடு உண்மையிலேயே எங்கள் கண்ணில் படாமல் இருந்தது. வழக்கு 'ஆல்' என்னும் உருபுக்குள் நாங்களே கொண்டுவந்து அடைத்த ஒன்று. ஆங்கிலத்தில் ஆடுபவர்களுக்கும் இதே சண்டை உண்டு. ஆனால் அவர்கள் வேறு வழியாக அங்கே போய்ச் சேர்கிறார்கள். நடைமுறைத் தமிழில் 'ஆல்' ஏதுப் பொருளிலும் வரத்தானே செய்கிறது, மழையால் பயிர் கெட்டது என்கிறோமே என்று எங்களில் ஒருவர் கேட்டார். "அதையேதான் நானும் சொல்றேன்" என்றார் டீச்சர்.

வழக்கறிஞர் விடவில்லை. பூசாரி தீயவள் அல்லள் என்பதற்கு என்ன சான்று, சென்ற மாதம் கிராமத்துத் தானியக் கிடங்கில் நடந்தது என்ன என்று சிரிப்பை வரவழைக்கப் பார்த்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

"எனக்கு இந்த வாக்கியம் பழக்கம்தான். எங்கம்மா விழுந்ததால சாகலேன்னு எழுதி வந்த கடுதாசி வீட்டுல இருக்கு."

விவரம் எங்கள் எல்லாருக்கும் ஓரளவு தெரியும். அவருடைய தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அறுவை செய்தார்கள். படுக்கையிலேயே இருந்தவருக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து, விழுந்த நாற்பத்தொன்றாம் நாள் இறந்தார். விபத்துக் காப்பீடு இருந்தது. விபத்தே சாவுக்கு ஒரே நேரடிக் காரணமாக இருக்க வேண்டும் என்பது அதன் வாசகம். இறப்புச் சான்றில் நுரையீரல் அழற்சி என்று எழுதியிருந்ததால், இது நோயால் நேர்ந்த சாவு, விபத்தால் அன்று எனக் காப்பீட்டு நிறுவனம் எழுதிற்று. மறுத்து எழுதி, அதற்கு மறுப்பு வந்து, மேல்முறையீடு போய், ஓர் ஆண்டுக்கு மேல் டீச்சர் அந்த ஒற்றை வாக்கியத்தோடு வாழ்ந்தார். ஆம்புட்ஸ்மேனுக்கான மனுவை எழுதித் தந்தவர் வேறு யாருமல்லர், எங்கள் வழக்கறிஞர்தான். விழாதிருந்தால் படுத்திருக்க மாட்டார், படுக்காதிருந்தால் சளி கட்டியிருக்காது, இடையில் வேறெதுவும் புகவில்லை, சங்கிலி அறவில்லை என்று அதில் அவர் வாதிட்டிருந்தார். (இதை எழுத அனுமதி கேட்டபோது, கடிதத்தைப் பற்றி எழுதலாம், முடிவைப் பற்றியும் தொகையைப் பற்றியும் வேண்டாம் என்றார் டீச்சர். அப்படியே செய்கிறோம்.)

"அந்த மனுவுல நீங்க எழுதினது என்ன, இங்க பேசறது என்ன?" என்று கேட்டார்.

வழக்கறிஞர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அங்கேயும் என் கட்சிக்காரர் நீங்கதான் டீச்சர். இங்கேயும் நீங்கதான்" என்றார்.

"அப்ப கட்சிக்காரி சொல்றதைக் கேளுங்க. அது தொட்டதால விழுந்தா. விழுந்ததால செத்தா. நடுவுல யாரும் வரல. பகடையில செத்தான்னு எழுதாதீங்க."

விதியை மட்டும் வைத்துப் பார்த்தால் வழக்கறிஞரின் வாசிப்பே ஒரு தூசி அளவு கனமானது என்று நாங்கள் இன்றும் கருதுகிறோம். வாக்கியங்களின் வரிசை அவருக்குச் சாதகம், புராணமும் சாதகம். ஆனால் எதிர்வாசிப்பையும் நூல் தடுக்கவில்லை. தாக்குதல் என்பது சேதமும் உறிஞ்சலும் சேர்ந்த ஒன்று. விதி 'உறிஞ்சலால் இறந்தால்' என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இரண்டுக்கும் இடம் இருக்கும்போது எதை எடுப்பது என்பதற்கு அரக்கர் அகராதியில் விதி இல்லை. அது மாஸ்டரின் வேலை என்று மட்டும் அதன் துணைநூல்கள் சொல்கின்றன. எந்தச் சொல்லை ஒருவர் தம் வீட்டில் கடிதமாக வைத்திருக்கிறார் என்பது நூலாசிரியருக்கு எப்படித் தெரியும்? மேசையில் இருப்பவருக்குத் தெரியும். ஐயந்தீர்க்கும் பகுதிகள் எத்தனை வந்தாலும் தீர்ப்பை மேசையிலேயே விட்டுவைத்திருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எங்களுக்குத் தோன்றவில்லை. மக்கள் பேசும் மொழிக்குத் திரும்பிய 2014ஆம் ஆண்டுப் பதிப்பைக் குறை சொல்பவர்கள் பலர். இந்த ஒரு மாலைக்காக நாங்கள் அதைப் பொறுத்துக்கொள்வோம். 2025இல் புதிய 'மான்ஸ்டர் மேனுவல்' வந்துவிட்டது. எங்கள் மேசையில் இன்னும் பழையதுதான் கிடக்கிறது.

மாஸ்டர் அதிகம் பேசவில்லை. தம் மறைப்புத் தட்டியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, எல்லாரும் காண நான்குமுகப் பகடையை உருட்டினார். மூன்று.

ஆக மூன்று மணி நேரம். பிணத்தை விட்டு ஓடிவிடலாம், சுமந்துகொண்டு நடக்கலாம், எழுவதை எதிர்கொள்ளக் காத்திருக்கலாம். காத்திருந்தோம். ஆட்டத்தில் மூன்று மணி நேரம். மேசையில் இருபது நிமிடம் இருக்கும். வீரன் அவள் கையிலிருந்த திருச்சின்னத்தைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டான். அவள் எங்களை எப்போதெல்லாம் காப்பாற்றினாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார். நேரம் வந்ததும், எழுந்த நிழல் என்ன செய்கிறது என்பதை அவரையே சொல்லச் சொன்னார் மாஸ்டர். அது எங்கள் யாரையும் தாக்கவில்லை. சுவரோரமாக ஒருமுறை நின்று, கதவிடுக்கில் வழிந்து போயிற்று. வீரன் வாளை உருவவில்லை. உருவினேன் என்று சொல்ல வழக்கறிஞருக்கு உரிமை இருந்தது, சொல்லவில்லை.

பிறகுதான் மேற்பாதியின் மிச்சத்தைப் படித்தோம். நிழல் பிரிந்த பின்னும் அந்த உடலுக்குரியவர் எவ்வாறேனும் மீண்டும் உயிர்பெறக்கூடும் என்று புராணம் இடம் தருகிறது. அப்படி மீண்டால் பிரிந்துபோன நிழலுக்கு அது தெரிந்துவிடும். தேடிவரலாம், வராமலும் இருக்கலாம். அந்நிழல் அழியும்வரை மீண்டவருக்கு நிழல் விழாது. சட்டம் அடைத்துவிட்டதாக வழக்கறிஞர் அஞ்சிய கதவு, புராணத்தில் திறந்தே இருந்திருக்கிறது. பேய்ப்பிறவி ஆனது நிழல்தான்; பிணம் வெறும் பிணம். ஆறு நாள் சுமந்து போனோம். வைரத்துக்காக வீரன் தன் வெள்ளிக் கத்தியையும் விற்க வேண்டியிருந்தது. துருப்பூச்சிக்குத் தப்பிய அதே கத்தி.

பூசாரி இப்போது எங்களோடு நடக்கிறாள். தன் பாத்திரத் தாளில், வலிமை, அறிவு என்று அச்சிட்டிருக்கும் வரிசைக்குக் கீழே 'நிழல்' என்று டீச்சர் கையால் எழுதி, எதிரே எண் இட வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறார். அந்த நிழலைத் தேடிப் போய் அழிக்கலாம் என்று நாங்கள் இருமுறை சொல்லிப் பார்த்தோம். இப்போது வேண்டாம் என்றுவிட்டார்.

இதற்கிடையே புதிய ஐயம் ஒன்று கிளம்பியிருக்கிறது. நிழல் விழாதவள் விளக்குக்கு முன்னால் நின்றால், அவளுக்குப் பின்னால் இருக்கும் இடம் இருட்டா, வெளிச்சமா? வெளிச்சம் என்றால் அவள் முதுகுக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் எங்கள் திருடன் பகைவர் கண்ணுக்குத் தெரிவானா? நூலில் இதற்கு ஒரு வரியும் இல்லை. வருகிற சனிக்கிழமைக்கு வழக்கறிஞர் குறிப்பெழுதி வைத்திருப்பதாகக் கேள்வி. டீச்சரும் நன்னூலை எடுத்து வருகிறாராம்.